வெள்ளம் கொண்டுபோன போகத்துக்கு எத்தனை மணித்தியாலம்

1981 ஜனவரி 12, திங்கள்

இன்று உறுதியானது: கல்முனையில் எங்கள் கரைவாகு விவசாயக் கல்லூரியோடு ஒப்பந்தம் செய்வதுபற்றிப் பேசப் பல்கலைக்கழகம் சம்மதித்துவிட்டது. சொன்னவர் கல்லூரி உப அதிபர் அப்துல் ஸமட். பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தை வாங்கி நானே வாசித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே இரண்டு வருடம் டிப்ளோமா படித்த பிள்ளை பட்டம் படிக்க மலைநாட்டில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்குப் போனால் மறுபடி முதலாம் வருடத்தில்தான் உட்கார வேண்டும். இங்கே படித்தது படித்ததாகவே ஆகாது. ஸமட் சேர் கேட்பது, அந்த இரண்டு வருடத்தையும் கணக்கில் எடுத்து மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது. எழுபத்தெட்டுப் புயலில் கூரை பறந்து, பாதி தகரமும் பாதி தென்னோலைக் கிடுகுமாக நிற்கிற ஒரு கல்லூரி இதைக் கேட்கிறது. கேட்டதே பெரிது என்று நினைத்திருந்தேன். பதிலும் வந்துவிட்டது.

பத்திரிகைக்குச் செய்தியை எழுதித் தபாலில் போட்டேன். அதில் ஜுனைதாவின் பெயர் இல்லை. அவள் என் மனைவி அஸீஸாவின் மூத்த ராத்தாவின் மகள். சொந்தக்காரப் பிள்ளையைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதுவதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அவள் கல்லூரியின் முதல் அணி மாணவி. இப்போது நிந்தவூரில் விவசாயப் போதனாசிரியை. பட்டம் படிக்க விவசாயத் திணைக்களம் சம்பளத்தோடு இரண்டு வருட லீவு தரும், அதற்கு மேல் இல்லை. அவளுடைய சம்பளத்தில்தான் உம்மாவும் இரண்டு தம்பிமாரும் இருக்கிறார்கள்.

“நாலு வருசமெண்டா வேலைய விட வேணும் சாச்சா. வேலைய விட்டா அடுப்பில என்னத்த வைக்கிற?”

அழாமல் கேட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போல.

ஜனவரி 20, செவ்வாய்

பத்திரிகை வந்தது. ‘முன்னர் கற்றவைக்கு மதிப்பளிக்கும் ஏற்பாடு’ என்று நான் எழுதியிருந்தேன். கொழும்பில் இருக்கிற புண்ணியவான் தலைப்பை மாற்றியிருக்கிறார்: ‘கல்முனையில் இனி கிரெடிட் மாற்றலாம்.’

ஜனவரி 21, புதன்

கல்லூரி வாசலில் கூட்டம். முக்கால்வாசிப் பேர் கையில் சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழ். இந்த ஊரில் கிரெடிட் என்றால் ஓ.எல்.லில் எடுக்கிற திறமைச் சித்தி. வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது, தலைப்புப் போட்டவருக்கு இது தெரியாது.

ஹோட்டல்கார மஜீட் முன்னால் நின்றான். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தவன், சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

“சேர், எனக்குத் தமிழ்லயும் இஸ்லாத்திலயும் கிரெடிட் இரிக்கி. ஹோட்டல் நடத்துற எனக்கு அது என்னத்துக்கு? எங்கட சின்னவன் ஒண்டுமில்லாம நிக்கான். அவன்ட பேருக்கு மாத்தித் தாங்களன்.”

ஸமட் சேர் வாயைத் திறப்பதற்குள் குணம் மாஸ்டர் முந்திக்கொண்டார். வயற்பயிற்சி விரிவுரையாளர், காரைதீவுக்காரர்.

“மாத்தலாம் மஜீட் காக்கா. மறுகா அவன்ட பெயிலெல்லாம் உங்கட பேருக்கு வரும். பரவாயில்லையா?”

மஜீட் கொஞ்சம் யோசித்தான். அவன் உண்மையாகவே யோசித்ததுதான் எனக்குப் பிடித்தது.

“அப்ப வேணாம்” என்று சட்டத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

ஒரு மனிதர் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, கிரெடிட் மாற்றினால் வட்டி உண்டா, மார்க்கத்தில் ஆகுமா என்று கேட்டார். சிரிக்காமல் பதில் சொன்னேன்.

ஜனவரி 23, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு ஸமட் சேர் மஜீட்டின் கடையில் உட்கார்ந்து கிரெடிட்டுக்குத் தமிழில் ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தார். ‘கடன்’ ஆகாது. ‘திறமை’ ஆகாது. கடைசியில் ‘கற்றளவு’ என்று எழுதினார். கற்றது எவ்வளவோ அவ்வளவு.

மஜீட் தேத்தண்ணியை வைத்துக்கொண்டே கேட்டான்: “லுஹர இஞ்ச தொழுதிட்டு பஸ் ஏறினவன், மலையில இறங்கித் திருப்பி லுஹர் தொழுவானா? தொழுதது தொழுததுதானே. இதுக்கு என்னத்துக்குச் சேர் ஒப்பந்தம்?”

“நீ சொல்லுறது சரி. ஆனா நீ தொழுதாய் எண்டு அவங்களுக்கு ஆரு சொல்லுற?”

“அல்லாஹ்வுக்குத் தெரியும்.”

“பல்கலைக்கழகத்துக்குத் தெரியாதே மஜீட்.”

மார்ச் 9, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் செல்லத்தங்கம் வந்தார். மண் விஞ்ஞானம். யாழ்ப்பாணத்துக்காரி, ஐம்பதைத் தாண்டியவர், மெல்லிய குரல். இரண்டு பக்கமும் சம்மதித்து என்னை மூலையில் உட்கார விட்டார்கள். முடிவு வரும்வரை ஒன்றும் எழுதக்கூடாது என்பது நிபந்தனை.

பாடம் பாடமாக இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரசாயனம், பூச்சியியல், நீர்ப்பாசனம். பேராசிரியர் கறாரானவர்தான், ஆனால் நியாயமானவர். இரண்டு இடத்தில் “உங்கட பாடம் எங்கடயை விடக் கூட” என்று அவராகவே சொன்னார். மத்தியானம்வரை எல்லாம் நல்லபடி போனது.

பிறகு வயற்பயிற்சி.

“இது எத்தினை மணித்தியாலம்?”

“மணித்தியாலம் இல்ல மிஸ். ஒரு போகம்” என்றார் குணம்.

“போகம் விளங்குது மாஸ்டர். எங்கட கணக்கு மணித்தியாலத்திலதான். கிழமைக்கு எத்தினை?”

“தண்ணி வாற நேரம் போறதுதானே. அது ராவு வந்தா ராவு. உழுது விதைச்சு, களை பிடுங்கி, தண்ணி கட்டி, வெட்டிச் சூடடிக்கிற வரைக்கும் அந்தத் துண்டு வயல் பிள்ளைகள்ற பொறுப்பு. நாங்க மணி பாக்கிறல்ல.”

பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு முதல் அணியின் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, “எழுபத்தெட்டு பெரும்போகம். விளைச்சல் எவ்வளவு?” என்று கேட்டார்.

குணம் ஸமட் சேரைப் பார்த்தார். ஸமட் சேர் சொன்னார்:

“விளைச்சல் இல்ல. நவம்பர்ல புயல். பயிர வெள்ளம் கொண்டு போயிட்டு. பிள்ளைகள் வாய்க்கால் திருத்தி, ஊரெல்லாம் விதைநெல் கேட்டுத் திரும்ப விதைச்சாங்க. அதுவும் தப்பல்ல.”

“அப்ப என்னத்துக்குப் புள்ளி போட்டனீங்கள்?”

கோபத்தோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

பேராசிரியர் வயலைப் பார்க்க வேண்டும் என்றார். கல்லூரி வயல் இருக்கிற வட்டைக்குப் போனோம். மண்வெட்டியை வாங்கி அவரே வெட்டினார். ஒரு முழத்துக்குள் வெள்ளை மணல் படை வந்தது. புயலடித்த அன்று கடல் உள்ளே வந்து விட்டுப்போனது. கீழே கறுத்த மண், மேலே கறுத்த மண், நடுவில் அந்த வெள்ளை. புயலைப் பற்றி நான் எத்தனையோ செய்தி எழுதினேன். அது மண்ணுக்குள் இப்படி ஒரு கோடு கிழித்து வைத்திருப்பது எனக்குத் தெரியாது. வரம்பில் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பேராசிரியர் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: “மண்ணில இருக்கிறது எனக்குத் தெரியுது. பிள்ளையளின்ர தலையில என்ன இருக்குதெண்டு தெரியேல்லையே. தெரியாததுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

மற்றப் பாடங்களை ஏற்கலாம், வயற்போகம் இல்லாமல் மூன்றாம் வருடம் கிடைக்காது, இரண்டாம் வருடத்தில் சேரலாம். இது அவருடைய இப்போதைய நிலை.

அப்படியென்றால் பட்டத்துக்கு மூன்று வருடம். ஜுனைதாவின் லீவு இரண்டு.

மார்ச் 13, வெள்ளி

ஜுனைதா வந்து அஸீஸாவோடு குசினியில் இருந்தாள். அஸீஸா, “ஒரு வருசம்தானேகா, எப்படியாவது சமாளிக்க ஏலாதா” என்றாள்.

“எல்லாரும் அதத்தான் சொல்லுற சாச்சி. ஒரு வருசம்தானே எண்டு. ஒரு வருசம் எங்கட வீட்டில ஆரும் சாப்பிடாம இருப்பாங்களா?”

எனக்குத் தாங்கவில்லை. வெளியே போய்விட்டேன். புயல் அடிச்சது இந்தப் பிள்ளைட பிழையா? அதுக்கும் இவள்தான் ஈடு கட்ட வேணுமா? ஆனால் பேராசிரியரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நானும் தெரியாததை எழுதமாட்டேன் என்று சொல்லித்தான் இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கல்லூரி தன் பக்க விபரத்தை எழுதி அனுப்ப வேண்டும். ஸமட் சேரின் மேசையில் அந்த அட்டவணை இருந்தது. பாடம், மணித்தியாலம், புள்ளி. வயற்பயிற்சிக்கு நேரே ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிடும்படி கல்லூரியில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். யார் போய் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

குணம் மாஸ்டரே, “போடுங்க சேர், பொய்யில்லையே, அதுக்கு மேல வேலை செஞ்சிரிக்காங்க” என்றார்.

“செஞ்சது எனக்குத் தெரியும். எத்தின மணித்தியாலமெண்டு தெரியா” என்றார் ஸமட் சேர். அந்தக் கட்டத்தில் ‘ஒரு போகம்’ என்று எழுதினார். புள்ளிக்கு நேரே, ‘அறுவடை நடைபெறவில்லை. காரணம் புயல்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஒரு எண் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. பயமும் வந்தது. மனிதர் அந்தப் பிள்ளையின் படிப்பையும் சேர்த்தல்லவா வெறுமையாக விட்டிருக்கிறார்?

மே 4, திங்கள்

பதில் இல்லை.

ஜூன் 10, புதன்

பதில் வந்தது. சபை ஒன்று வைப்பார்களாம். முதல் அணியில் பட்டம் படிக்க விரும்பும் ஆறு பேரையும் ஒவ்வொருவராக அழைத்து அந்தப் போகத்தைப் பற்றிக் கேட்பார்கள். யோசனை பேராசிரியர் செல்லத்தங்கத்தினுடையதாம். ஜுனைதா பழைய கொப்பிகளைத் தேடவில்லை. “அதெல்லாம் புயல்ல போன சாச்சா” என்றாள்.

ஜூன் 24, புதன்

ஆறு பேரும் குணம் மாஸ்டரோடு மலையிலிருந்து திரும்பிவிட்டார்கள். நடந்ததைக் குணம் சொன்னார், அவரை உள்ளே இருக்க விட்டிருக்கிறார்கள். பிறகு ஜுனைதாவையும் தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகிறது. ஆகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: “நெல் வெட்டுக்கு நாள் குறிக்கிறது எப்படி?”

ஜுனைதா: “எனக்குத் தெரியா.”

சபையில் இருந்த ஒருவர், போதனாசிரியை இப்படிச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்.

“புத்தகத்தில இரிக்கிறதச் சொல்ல ஏலும். மற்றாக்கள்ற வெட்டும் பாத்திரிக்கன். நான் விதைச்ச வயல்ல வெட்டுக் காணல்ல. தண்ணி வந்த நாள் வரைக்கும், அதுக்குப் பொறகு நடந்ததும் கேளுங்க.”

கேட்டிருக்கிறார்கள். எந்த வரம்பு முதலில் உடைந்தது, மணல் எந்தப் பக்கத்தால் ஏறியது, எது எவ்வளவு ஆழம். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பிறகு இரண்டாவது விதைப்பு ஏன் தப்பவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

“பயிர் மஞ்சளடிச்சிது. பசளை போதாதெண்டு நினைச்சி நான்தான் யூரியா போடச் சொன்ன. போட்டதும் இன்னும் மோசம். பொறகு வாய்க்கால்த் தண்ணிய வாயில வெச்சிப் பாத்தன். உப்பு. மண்ணுக்குள்ள உப்பு நிண்டிரிக்கி. தண்ணி விட்டு விட்டுக் கழுவியிரிக்க வேணும். நான் பசளை போட்டுப் பயிரக் கொண்டுட்டன்.”

அப்படிச் சொல்லிவிட்டு, அந்த உப்பு இறங்க எத்தனை மழை பிடித்தது என்பதையும் சொல்லியிருக்கிறாள். அடுத்த வருடம் தானே போய் நாக்கில் வைத்துப் பார்த்தாளாம். யாரும் போகச் சொல்லவில்லை. புள்ளியும் அப்போது போட்டு முடிந்துவிட்டது.

குணம் சொன்னார், “செல்லத்தங்கம் மிஸ் பேனைய மூடி வெச்சிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா.”

இந்தப் பிள்ளை சின்னதில் எங்கள் வீட்டில் பழைய பத்திரிகைத் தாளில் கப்பல் செய்து விளையாடியவள். இவளுக்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியவில்லையே. அஸீஸாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜூலை 6, திங்கள். நோன்பு

முடிவு வந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலில் கஞ்சி வாங்க ஆட்கள் நிற்கிற நேரம், ஸமட் சேர் என்னைத் தேடி வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே, “நான் ரெண்டு தரம் வாசிச்சிட்டன். நீங்க ஒருக்கா வாசிங்க, நான் விளங்கினது சரியா எண்டு பாப்பம்” என்றார்.

வாசித்தேன். எழுபத்தெட்டுப் பெரும்போகம், வெள்ளம் வந்ததும் அதற்குப் பிறகு நடந்ததும் உட்பட, கற்றளவாக ஏற்கப்படுகிறது. குறையாக நிற்பது வெட்டு மட்டும். ஆறு பேரும் வருகிற பெரும்போகத்தில் அதே வயலில் விதைத்து, வெட்டி முடித்தால் 1982 ஏப்ரலில் மூன்றாம் வருடம். புள்ளியைக் கல்லூரியே போடலாம், பல்கலைக்கழகம் ஏற்கும்.

இவ்வளவும் நாங்கள் கேட்டது. அதற்குக் கீழே இன்னொரு பந்தி இருந்தது. பல்கலைக்கழகம் தன் விவசாய மாணவர்களும் ஒரு முழுப் போகம் கரைவாகுக் கல்லூரியில் பயில அனுமதி கோருகிறது. அதற்கு மணித்தியாலம் கணிக்கப்படாது. அலகு: ஒரு போகம்.

“அனுமதி கோருகிறது எண்டுதான் இரிக்கா?”

“ஓம் சேர். அப்படித்தான் இரிக்கி.”

ஸமட் சேர் பள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றார். நான் அந்தப் பந்தியை மறுபடி வாசித்தேன். தகரமும் கிடுகுமான எங்கள் கல்லூரியிடம், அந்த மலைமேல் இருக்கிற கல் கட்டடங்கள், அனுமதி.

மஜீட் கஞ்சிக் கோப்பையோடு வந்து விசயத்தைக் கேட்டான்.

“அங்கிரிந்து இஞ்ச படிக்க வாறாங்களா? மெய்யாவா?”

“மெய்தான்.”

“அவங்களுக்கு ஆரு சமைச்சிப் போடுற?” என்றான். பிறகு அவனே, “வேற ஆரு” என்று சொல்லிக்கொண்டு போனான்.

ஒக்டோபர் 17, சனி

விதைப்பு. ஆறு பேரும் அவரவர் வேலைத்தலத்திலிருந்து வந்தார்கள். மலையிலிருந்து பன்னிரண்டு மாணவர்கள். சிங்களப் பிள்ளைகள், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். சாய்ந்தமருது நெசவு நிலையத்து மண்டபத்தில் தங்க இடம். ஒரு மாணவி சேற்றுக்குள் இறங்கி, சப்பாத்தை உள்ளேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். குணம் மாஸ்டர், “அதுவும் முளைக்கும், விடுங்க” என்றார்.

நவம்பர் 23, திங்கள்

புயல் வந்த அதே நாள். காலையிலிருந்து மழை. ஜுனைதா வயலுக்குப் போய்வந்தாள். தண்ணீர் வரம்புக்குக் கீழேதான் நிற்கிறது என்றாள்.

டிசம்பர் 14, திங்கள்

கீழ்ப்பக்கம் கொஞ்சம் மஞ்சள். ஜுனைதா வாய்க்கால் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாள். மலைப் பிள்ளைகளும் வரிசையாகப் பார்த்தார்கள். உப்பு இல்லை. பசளை போடலாம் என்றாள்.

1982 பெப்ரவரி 16, செவ்வாய்

ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு முத்திரையும் பதித்தாகிவிட்டது. பிரதியை ஸமட் சேரின் அலுவலகத்தில் பார்த்தேன். தமிழ்ப் பிரதியில் ‘கற்றளவு’ என்றே இருக்கிறது. திணைக்களம் ஜுனைதாவுக்கு ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து இரண்டு வருட லீவை அனுமதித்திருக்கிறது. வெட்டு முடிந்ததாகக் கல்லூரி அறிவித்தால் லீவு நடைமுறைக்கு வரும்.

பேராசிரியர் செல்லத்தங்கம் வெட்டைப் பார்க்க வருகிறார். எந்த நாள் என்று கேட்டு நேற்றுக் கல்லூரிக்குத் தந்தி அடித்திருந்தார். குணம் மாஸ்டர் தந்தியை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போனார், நானும் கூடப் போனேன். நெல் தலை சாய்ந்து நிற்கிறது. எனக்கு நாளைக்கே வெட்டலாம் போலத் தெரிந்தது. மலைப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள்.

ஜுனைதா வரம்பு வரம்பாக நடந்தாள். அங்கங்கே கதிரைக் கையில் எடுத்து, அடிமணியைப் பல்லில் கடித்துப் பார்த்தாள். பிள்ளைகள் பின்னால் போனார்கள். குணம் மாஸ்டர் என்னோடு வரம்பிலேயே நின்றார், ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசி மூலைக்குப் போய்த் திரும்பி வந்து சொன்னாள்:

“மேல்ப்பக்கம் சரி மாஸ்டர். மணல் படுத்த பக்கம் இன்னும் பச்சை. நிக்கட்டும்.”

“எது வரைக்கும் புள்ள?”

“மாசம் முடியட்டும். மழை பெய்யாட்டி மார்ச் முதல் கிழமை. திங்கள் எண்டு அடிங்க.”

குணம் மாஸ்டர் தபால் கந்தோருக்குப் போய் அவள் சொன்னதையே அடித்தார். இன்று பதில் வந்தது. பேராசிரியர் திங்களுக்கு வருகிறாராம்.

நிலுவையில் இருப்பது வெட்டு. மார்ச் முதலாம் திகதி, திங்கட்கிழமை, மழை பெய்யாவிட்டால்.